சலூன் நாற்காலியில் சித்தி

மார்ச் 4

எந்த வருஷம் என்று பின்னால் யாராவது கேட்டால் சொல்வதற்காக: குழாய் போடுகிறோம் என்று எங்கள் தெருவைத் தோண்டி, குழாயும் போட்டு, பள்ளத்தை மட்டும் மூடாமல் போன வருஷம். துறைமுகத்தில் நான் ஓட்டிய பழைய கிரேனைத் துண்டு துண்டாக வெட்டி எடைக்குப் போட்ட வருஷம். தம்பி பல் கட்டிக்கொண்டு சிரிக்கப் பழகிய வருஷம். அந்த வருஷம்தான் சித்தி குளியலறையில் விழுந்தாள்.

எனக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்துப் போடுவேன், அதுவும் படம் வரைவது மாதிரிதான். எங்கள் வீட்டு முன்பக்கக் கடையில் வாடகைக்கு இருக்கும் சலூன்காரர் என் போனில் ஒரு பொத்தானைக் காட்டினார். அமுக்கிவிட்டுப் பேசினால் அது எழுதிக்கொள்ளுமாம். தேதியையும் அதுவே போடுமாம். "செய்தி வாசிக்கிற மாதிரி பேசுங்க பெரியவரே. வாய்க்குள்ளயே பேசினா அதுக்குப் புரியாது" என்றார். அதனால்தான் இந்த மாதிரி பேசுகிறேன். அது என்ன எழுதி வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியப் போவதில்லை. அதுவும் ஒரு வசதிதான். தம்பியைப் பற்றித் தைரியமாகச் சொல்லலாம்.

மார்ச் 5

சித்தி யார் என்று நேற்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அம்மாவின் தங்கை இல்லை. அம்மா போன பிறகு அப்பா தன் ஐம்பதாவது வயதில் கட்டிக்கொண்டு வந்தவள். என்னைவிட மூன்று வயது சின்னவள். தம்பிக்கு ஒரு வயது பெரியவள். அவள் இந்த வீட்டுக்குள் வந்தபோது நான் கிரேனில் ஏறிவிட்டேன், மீசையும் முறுக்கிவிட்டேன். வந்த அன்றே என்னைப் பார்த்து, "பெரியவனே, சாப்பிட்டியா?" என்றாள். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். அன்றிலிருந்து இன்றுவரை அவளுக்கு நான் நீ. எனக்கு அவள் நீங்கள்.

அப்பா போனார். என் மனைவியும் போனாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. தம்பி வரி ஆபீசில் பெரிய ஆளாகி அடுக்குமாடியில் வீடு வாங்கிப் போனான். ஊரே அவனை ஆபீசர் என்றுதான் கூப்பிடுகிறது, ஓய்வு பெற்ற பிறகும். தங்கச்சி மூன்று தெரு தள்ளி மகளோடு இருக்கிறாள். இந்த வீட்டில் மிச்சம் இருந்தது நானும் சித்தியும், முன்னால் சலூனும்.

விழுந்தவளை வெளியே கொண்டுவந்தது பெரிய பாடு. சலூனுக்கும் பக்கத்து மதிலுக்கும் நடுவில் ஒரு சந்து, அதுதான் வீட்டுக்குள் போகிற வழி. ஒரு காலத்தில் அகலமாகத்தான் இருந்தது. கடையைப் பெரிதாக்கினால் வாடகை கூடும் என்று தம்பிதான் நின்று சுவரைத் தள்ளிக் கட்டவைத்தான். அதன்பின் ஒல்லியானவர்கள் நேராகவும் மற்றவர்கள் ஒருக்களித்தும் வந்துபோகிறோம். ஸ்ட்ரெச்சர் உள்ளே வரவில்லை. போர்வையில் வைத்து நாலு பேர் தூக்கிப் போனோம். வலியில் கத்திக்கொண்டே சித்தி கேட்டாள்: "இந்தச் சுவர் கட்டினவன் எங்கடா?"

மார்ச் 21

இடுப்பில் தகடு வைத்துவிட்டார்கள். இனி நடப்பது கஷ்டம், கூடவே ஆள் வேண்டும், திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். ஆஸ்பத்திரி வராண்டாவில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம்.

தம்பி சொன்னான்: "நல்ல முதியோர் ஹோமா பாத்து விட்டுடலாம்ணா. செலவைப் பத்தி யாரும் யோசிக்க வேணாம். கடை வாடகை சித்திக்குத்தானே வருது, அதுலயே நடந்துடும். அவங்க நல்லா இருக்கணும், அவ்வளவுதான்."

தம்பி இவ்வளவு அன்பாகப் பேசி நான் கேட்டதில்லை. புதுப் பல் காரணமாக இருக்கும் என்று நினைத்தேன்.

மார்ச் 22

பல் காரணம் இல்லை. இன்று காலை டீ குடிக்கும்போதுதான் உறைத்தது.

அப்பா வீட்டைப் பற்றி ஒரு பத்திரம் எழுதிவைத்தார். எனக்குப் படிக்கத் தெரியாது என்பதால் பத்திரம் எழுதுகிறவரை வீட்டுக்கே வரவழைத்து, எல்லாரையும் உட்காரவைத்து உரக்கப் படிக்கச் சொன்னார். ஒரு தடவை காதில் விழுந்தது எனக்குப் போகாது. வீடும் வாடகையும் சித்தி உயிரோடு இருக்கும்வரை சித்திக்கு. விற்க மட்டும் கூடாது. அவளுக்குப் பின் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக. நடுவில் ஒரு வரி: "மேற்படியாள் ஒரு வருஷ காலம் தொடர்ச்சியாக ஓர் இரவும் இந்த வீட்டில் தங்காமல் வேறிடத்தில் வசித்தால், அன்றோடு அவள் உரிமை முடிந்து வீடு பிள்ளைகளைச் சேரும்."

அந்த வரி எதற்கு? கல்யாணம் ஆன புதிதில் ரேடியோவை யார் திருகுவது என்று அப்பாவுக்கும் சித்திக்கும் சண்டை வந்து, அவள் தாய் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். அப்பா போய்க் கெஞ்சிக் கூட்டிவந்தார். இன்னொரு தடவை போய்விடக்கூடாது என்று பயமுறுத்தத்தான் அந்த வரி. படித்து முடித்ததும் சித்தி கேட்டாள்: "அப்ப பதினோரு மாசம் போகலாமா?" பத்திரம் எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

தம்பிக்கும் அந்த வரி ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கிடக்கிற நாள் கணக்கில் வராது, ஹோமில் விட்டுவிட்டு ஒரு வருஷம் சும்மா இருந்தால் போதும். வீடு மூன்று பேருக்கும் வந்துவிடும், விற்றுவிடலாம். எனக்கும் ஒரு பங்கு வரும், இல்லை என்று சொல்லவில்லை. பங்கை மடியில் வைத்துக்கொண்டு நான் எங்கே போய்ப் படுப்பேன்? வாடகை நின்றால் ஹோம்காரர்கள் சித்தியை வைத்துக்கொள்வார்களா? சித்தி தெருவில் இருப்பாள். நான் துணைக்கு இருப்பேன்.

ஏப்ரல் 2

சித்தியை ஹோமில் விட்டோம். வேறு வழி இல்லை. அவளைத் திருப்பிப் படுக்கவைக்க என் ஒருவனால் முடியாது. துறைமுகத்தில் கண்டெய்னரைத் தூக்கி அங்குலம் பிசகாமல் வைத்தவன்தான். ஆனால் அங்கே கிரேன் இருந்தது.

ஏப்ரல் 3

இன்று யாரும் என்னைச் சாப்பிட்டியா என்று கேட்கவில்லை. சாப்பிடவும் இல்லை.

ஜூன் 14

வாரா வாரம் போகிறேன். அழுதுகொண்டிருப்பாள் என்று பயந்துகொண்டே போனவனுக்கு இன்று நல்ல மரியாதை கிடைத்தது. டீவியில் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் தபால் ஆபீசில் வேலை பார்த்த ஒரு அம்மா. இரண்டு பேரும் சேர்ந்து வில்லியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சித்தி."

"இரு."

விளம்பரம் வரும்வரை இருந்தேன்.

"இங்க எப்படி இருக்கு?"

"மாத்திரை கையில குடுக்கறாங்க. வெந்நீர் திருகினா வருது. நம்ம வீட்டுல வெந்நீர் வேணும்னா உன்னை மூணு தடவை கத்தணும்."

அந்த வரியை ஞாபகப்படுத்தினேன். வருஷம் முடிவதற்குள் ஒரு ராத்திரியாவது வீட்டில் வந்து படுக்க வேண்டும் என்றேன். கேட்டுக்கொண்டாள். "உங்கப்பன் செத்தும் என்னை நிம்மதியாப் படுக்க விடமாட்டான்" என்று சொல்லிவிட்டு டீவி பக்கம் திரும்பிவிட்டாள்.

ஆகஸ்ட் 19

தம்பி ஒரு தரகரைக் கூட்டிவந்து வீட்டை அளந்தான். அளக்கும் நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாமல் என்னைப் பிடிக்கச் சொன்னான். பிடித்தேன். என் வீட்டை விற்க நானே நாடா பிடித்துக் கொடுத்த கதையைக் கேட்டு சலூன்காரர் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டார்.

"ஏன் பெரியவரே பிடிச்சீங்க?"

"பிடின்னான். பிடிச்சேன்."

தரகருக்கு உள்பக்கத்து அறைகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சலூன் வாசலில் நின்று தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தார். "சார், காசு இந்தக் கடையிலதான் இருக்கு. பின்னாடி இருக்கறது வெறும் இருட்டு" என்றார். தம்பி பல் எல்லாம் தெரியச் சிரித்தான்.

நவம்பர் 8

தங்கச்சி வந்தாள். இத்தனை நாள் அவள் தம்பி பக்கம்தான். விற்றால் தன் பங்கை மகளுக்குக் கொடுக்கலாம் என்று இருந்தாள். இன்று வந்து உட்கார்ந்தாள்.

"என்னடி?"

"ஒண்ணும் இல்லண்ணா."

"ஒண்ணும் இல்லாததுக்கா மூணு தெரு நடந்து வந்தே?"

பிறகு சொன்னாள். மகள் இப்போதெல்லாம் சாப்பிடும்போது போனில் படம் காட்டுகிறாளாம். "அம்மா, இந்த ஹோம்ல தோட்டம் இருக்கு பாரேன். அம்மா, இங்க பஜனை எல்லாம் நடக்குதாம்."

"எனக்குப் பஜனையே பிடிக்காதுண்ணா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சித்தியை எப்பக் கூட்டிட்டு வரே?" என்றாள்.

பிப்ரவரி 15

சித்தி மறுக்கிறாள். வண்டியில் குலுங்கினால் இடுப்பு வலிக்குமாம். தொடரில் கதாநாயகிக்கு அடுத்த வாரம் நினைவு திரும்பப் போகிறதாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சித்தி, உங்களுக்கு ஒரு ராத்திரி கஷ்டம். எனக்கு இருக்க இடமே போயிடும். உங்களுக்கும் இந்த வெந்நீர் போயிடும். வாடகை நின்னா யாரு கட்டுவா? ஆபீசரா கட்டுவான்?" என்று குரலை உயர்த்திவிட்டேன். என் வாழ்க்கையில் சித்தியிடம் கத்தியது அதுதான் முதல் தடவை. தபால் ஆபீஸ் அம்மா டீவி சத்தத்தைக் குறைத்துவிட்டு எங்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

சித்தி என்னையே பார்த்தாள். "இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன, பெரியவனே? வீடு, உரிமை, பத்திரம்னு பேசினே. நீ எங்க படுப்பேன்னு சொல்லவே இல்லையே" என்றாள். "வர்றேன். தலைகாணி மட்டும் புதுசா வேணும்."

மார்ச் 20

தம்பி முந்திக்கொண்டான். ஹோம் மேலாளரிடம் போய், வயதானவர்களை அலைக்கழிக்கக்கூடாது, ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று ஆபீசர் குரலில் கேட்டிருக்கிறான். மேலாளர் பயந்துபோய் டாக்டர் சம்மதித்தால்தான் வெளியே விடுவேன் என்கிறார். டாக்டர் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: இடுப்பை மடக்கக்கூடாது, சாய்த்தே கொண்டுபோக வேண்டும், போர்வையில் எல்லாம் தூக்கவே கூடாது.

சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். சந்தின் அகலத்தை நினைக்கவே இல்லை. தங்கச்சியும் நினைக்கவில்லை. முதல் தடவை எப்படித் தூக்கினோம் என்பதை எல்லாரும் ஊருக்கே கதையாகச் சொன்னோமே தவிர, ஏன் அப்படித் தூக்கினோம் என்பதை மறந்துவிட்டோம்.

மார்ச் 27

ராத்திரி. உடம்பெல்லாம் வலி. ஆனால் சொல்லிவிட வேண்டும்.

நாலு மணிக்கு ஹோம் வண்டி வந்தது. தெருவில் இன்னும் அந்தப் பள்ளம் இருக்கிறது. வண்டியைத் தள்ளியே நிறுத்தினார்கள். சித்தியை இடுப்பு மடங்காமல் ஒரு பலகைமேல் படுக்கவைத்து, தள்ளுகட்டிலில் சந்து வாசலுக்குக் கொண்டுவந்தோம். கட்டில் நுழையவில்லை. முழுசாகச் சாய்கிற சக்கர நாற்காலி வாங்கி வைத்திருந்தேன், அது நுழையவில்லை. பலகையோடு தூக்கிப் போனாலும் உள்ளே திருப்பம் திரும்பாது. வண்டி டிரைவர் அளந்து பார்த்துவிட்டு, "பெரியவரே, இது வீட்டு வழியா, எலி வளையா?" என்றான்.

சித்தி படுத்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சின்னவன் கட்டின சுவர் நல்லா உறுதியாத்தான் இருக்கு" என்றாள்.

தங்கச்சி அழ ஆரம்பித்தாள். டிரைவர், இருட்டுவதற்குள் திரும்பிக் கூட்டிப்போய்விடவா என்றான். எப்படித் திருப்பி அனுப்புவது? இன்னும் சில நாளில் வருஷம் முடிகிறது. இன்னொரு தடவை டாக்டர் விடமாட்டார்.

அப்போது சலூன்காரர் வெளியே வந்தார். கையில் துண்டு. "உள்ள கொண்டாங்க" என்றார்.

"எங்க உள்ள?"

"என் கடைக்குள்ளதான். வாசல் அகலமா இருக்குல்ல. நாற்காலி முழுசாச் சாயும். போன மாசம் வாங்கினது. கல்யாண மாப்பிள்ளைங்க அதுல படுத்துக் குறட்டை விடறாங்க."

போனோம். நான் பழக்க தோஷத்தில் துறைமுகத்தில் செய்கிற மாதிரி கையால் சைகை காட்டிக்கொண்டே போனேன். மெதுவாக. இன்னும் கொஞ்சம். முஷ்டியை மடக்கினால் நிறுத்து என்று அர்த்தம். டிரைவருக்கு அது எப்படித் தெரியும்? அவனை அடிக்க வருகிறேன் என்று நினைத்துக் கட்டிலை விட்டுவிட்டுப் பின்னால் குதித்தான். நல்ல வேளை, கட்டிலுக்குச் சக்கரம் இருந்தது, சித்தி தானே போய்க் கண்ணாடி முன் நின்றாள்.

நாற்காலியை மட்டமாகச் சாய்த்துப் பலகையோடு சரித்து ஏற்றினோம். மடங்கவே இல்லை. சலூன்காரர் காலால் ஒரு மிதியை மிதித்தார். சித்தி உயர்ந்தாள். இன்னொரு மிதி. இன்னும் உயர்ந்தாள்.

"வலிக்குதா சித்தி?"

"இல்லை. உன் வழுக்கையை இப்பதான் மேல இருந்து பாக்கறேன், பெரியவனே. நடுவுல ஒரு தழும்பு இருக்கே, அது எப்ப வந்தது?"

தங்கச்சி புதுத் தலையணையை வைத்தாள். சலூன்காரர் கதவைப் பாதி இறக்கிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார். தங்கச்சி பக்கத்து நாற்காலியில். நான் காத்திருக்கிறவர்கள் உட்காரும் பெஞ்சில். கண்ணாடியில் பார்த்தால் மூன்று பேரும் முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் மாதிரியே இருக்கிறோம்.

மார்ச் 28

காலையில் தம்பி வந்துவிட்டான். யார் சொன்னார்களோ. சலூன்காரர் முதல் வாடிக்கையாளருக்கு ஓரத்து நாற்காலியில் நுரை தடவிக்கொண்டிருந்தார். சித்தி பெரிய நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

தம்பி போனை எடுத்துப் படம் பிடித்தான். சித்தி கண்ணைத் திறந்து, "கண்ணு மூடியிருந்தேன் சின்னவனே, இன்னொண்ணு எடு" என்றாள். அவன் இன்னொன்றும் எடுத்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"பத்திரத்துல என்ன இருக்குண்ணா? 'இந்த வீட்டில்'னு இருக்கு. சலூன்ல படுத்தா வீட்டுல படுத்த மாதிரி ஆயிடுமா? கடை வேற, வீடு வேற. நாளைக்குக் கோர்ட்டுல கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாங்க."

பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது. எனக்குத் தெரியாதா? இவ்வளவு பாடுபட்டு, பத்தடி தள்ளிப் படுக்கவைத்துவிட்டோமே என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

தங்கச்சி தலையை முடிந்துகொண்டே எழுந்தாள். "கடை வேறயாண்ணா?"

"ஆமா. வேற."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. வேறதானா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"அப்பா பத்திரத்துல நம்ம மூணு பேருக்கும் எழுதினது எது? கடையா, வீடா?"

தம்பி போனைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"வீடுன்னுதானே எழுதினாரு. அப்ப கடை நமக்கு இல்லை. அந்தத் தரகர் பின்னால இருக்கறதை வெறும் இருட்டுன்னாராமே. சரி. அந்த இருட்டுல என் பங்கையும் நீயே வெச்சுக்கோண்ணா. எனக்கு இருட்டு வேணாம்."

நுரையோடு உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர் கண்ணாடி வழியாக எங்கள் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார். தம்பி சுவரைப் பார்த்தான். அவன் கட்டிய சுவர்தான். அந்தச் சுவரைத் தள்ளித் தள்ளி வீட்டில் பாதியைக் கடைக்குள் கொண்டுவந்தவனும் அவன்தான்.

"ஒரே கதவு எண்தான்" என்றான். "எல்லாம் ஒண்ணுதான்."

சலூன்காரர் சவரக்கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி, "சார், கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. வாடிக்கையாளருக்குக் காது மந்தம்" என்றார்.

"கடையும் வீடும் ஒண்ணுதான்யா."

"கேட்டுச்சுங்க" என்றார் வாடிக்கையாளர், நுரைக்குள்ளிருந்து.

மார்ச் 30

கதாநாயகிக்கு நினைவு திரும்பிவிட்டதாம். சித்தி ஹோமிலிருந்து போன் செய்து சொன்னாள். அவள் எனக்குப் போன் செய்தது இதுதான் முதல் தடவை.

செப்டம்பர் 11

தம்பி இரண்டு பெட்டியோடு வந்து சலூன் வாசலில் நின்றான். பெட்டிகள் சந்தில் நுழையவில்லை.

அடுக்குமாடி வீட்டை உயிரோடு இருக்கும்போதே மகன் பேருக்கு எழுதிக்கொடுத்திருக்கிறான். பின்னால் சிக்கல் வரக்கூடாது என்று. சிக்கலே வரவில்லை. மகன் வெளிநாடு போகிறான், வீட்டை விற்றுவிட்டான். "அப்பா, உங்களுக்குத்தான் அங்க ஒரு வீடு இருக்கே" என்றானாம். தம்பியின் மனைவி மகனோடு போகிறாள், பேரனைப் பார்த்துக்கொள்ள. தம்பிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாதாம்.

"கொஞ்ச நாளைக்குத்தான்ணா" என்றான்.

சிரிப்பு வரவில்லை. வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பல்லைக் கழற்றிப் பையில் வைத்திருந்தான். பல் இல்லாவிட்டால் அப்படியே அப்பா. வீடு என்னுடையது இல்லை, சித்தியிடம் கேட்க வேண்டும் என்றேன்.

செப்டம்பர் 13

ஹோமுக்குப் போனோம். தொடர் முடியும்வரை ஆபீசரும் உட்கார்ந்திருந்தான்.

"எவ்வளவு நாளைக்கு, சின்னவனே?"

"கொஞ்ச நாளைக்கு, சித்தி."

"பதினோரு மாசமா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். சித்தி அவனை அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு சொன்னாள்: "இரு. வேணாங்கலை. சுவரை மட்டும் இடி."

நவம்பர் 2

சுவர் இடித்தாயிற்று. ஒரு நாற்காலியை எடுத்துவிட்டு சலூன்காரர் வாடகையைக் குறைத்துக்கொண்டார். இப்போது சந்தில் நான் கைகளை வீசிக்கொண்டு நடக்கிறேன். தம்பி இன்னமும் ஒருக்களித்தே வருகிறான். பழக்கம்.

நவம்பர் 20

சித்தி வந்துவிட்டாள். ஒரு ராத்திரிக்கு இல்லை, மொத்தமாக. மூன்று பேர் இருக்கிறோமே, மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்கிறோம் என்று நாங்கள்தான் கேட்டோம். கிளம்பும்போது தபால் ஆபீஸ் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். வீட்டுக்குப் போவதற்கு அழுகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் மேலாளர்.

ஜனவரி 9

தம்பி யார் எப்போது என்ன செய்ய வேண்டும் என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினான். என்னால் படிக்க முடியாது என்பது அவனுக்கு மறந்துவிட்டது. அதனால் எல்லா வேலையையும் நான் செய்கிறேன், அவன் வந்து அதை இரண்டாவது தடவை செய்கிறான். சித்தி ஒரு நாளைக்கு இரண்டு தடவை குளிக்கிறாள். மத்தியானம் தங்கச்சி வந்து எங்கள் இருவரையும் திட்டுகிறாள்.

இன்று சித்தி மூன்று தடவை தும்மினாள். மூன்று பேரும் எழுந்து நின்றோம். தம்பி ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷினோடு ஓடி வந்தான். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பார்க்கிறான்.

சித்தி கையை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "நல்லாப் பாரு சின்னவனே. நான் செத்தா உனக்கு மூணுல ஒரு பங்கு. இருந்தா முழு வீடு. நீதான் படிச்சவன்."

தம்பி சிரித்தான். பல் இல்லாமல் சிரித்தான். நான் பார்த்த வரையில் அவன் நன்றாகச் சிரித்தது அதுதான்.

ஜூலை 3

தெருப் பள்ளத்தை மூடிவிட்டார்கள். இனிமேல் வருஷத்தை வேறு எதையாவது வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 26

தங்கச்சி போய்விட்டாள். மகள் வீட்டில், தூக்கத்தில். எந்த ஹோமையும் அவள் கடைசிவரை தேர்ந்தெடுக்கவில்லை. மத்தியானம் ஆனதும் நானும் தம்பியும் வாசலைப் பார்த்தோம். திட்டுவதற்கு யாரும் வரவில்லை. சித்தியே எங்களைத் திட்டினாள், தங்கச்சி பேசுகிற மாதிரியே.

மே 17

அடுத்த வருஷம். நடுவில் ஒன்றும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? சித்தி நன்றாக இருக்கிறாள். தம்பியும் நானும் ரேடியோவை யார் திருகுவது என்று நேற்று சண்டை போட்டுக்கொண்டோம்.

ஆகஸ்ட் 30

தம்பி போய்விட்டான்.

காலையில் சித்திக்கு ரத்த அழுத்தம் பார்த்தான். "நல்லா இருக்கு சித்தி, இருபது வயசுப் பொண்ணு மாதிரி" என்றான். மெஷினைப் பெட்டியில் வைத்து மூடினான். அப்புறம் நாற்காலியில் சாய்ந்தான். அவ்வளவுதான். தினமும் இரண்டு தடவை பார்த்தானே – அவனுக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லையே. பக்கத்திலேதானே உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 21

தம்பி மகன் வெளிநாட்டிலிருந்து பேசினான். என்னை விசாரித்தான். பிறகு, "பாட்டி எப்படி இருக்காங்க பெரியப்பா?" என்றான்.

"ரொம்ப நல்லா இருக்காங்கப்பா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து வைக்கப் போனேன். "சந்தோஷம் பெரியப்பா" என்றான்.

டிசம்பர் 6

சித்தியைத் திருப்பிப் படுக்கவைக்க இப்போது சலூன்காரர்தான் எனக்கு ஒரு கை கொடுக்கிறார். மெஷினைத் திருப்பி என் கையில் கட்டிப் பார்க்கச் சொல்லித்தந்தாள் சித்தி. நம்பரைப் படித்துச் சொல்வதும் அவள்தான். இரண்டு வாரமாக நம்பர் அவளுக்குப் பிடிக்கவில்லை. இன்று மத்தியானம் வாசற்படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். சலூன்காரரைக் கத்திக் கூப்பிட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தாள்.

டாக்டர் சின்ன வயசு. அன்பாகத்தான் பேசினார். நெஞ்சில் ஒரு ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். பயப்பட ஒன்றும் இல்லையாம். வீட்டுக்குப் போன பிறகுதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமாம். மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்க வேண்டும், சாப்பிட்டேனா இல்லையா என்று பார்க்க வேண்டும், கனம் தூக்கவிடக்கூடாது.

"மனைவி இருக்காங்களா?"

"இல்லைங்க. போயிட்டாங்க."

"பிள்ளைங்க?"

"இல்லை."

"கூடப் பிறந்தவங்க?"

"தம்பி ஒருத்தன், தங்கச்சி ஒருத்தி. ரெண்டு பேரும் இல்லை."

அவர் பேனாவை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அப்ப வீட்டுல உங்களைப் பாத்துக்க யாருதான் இருக்காங்க, பெரியவரே?"

சொன்னேன். "சித்தி இருக்காங்க."